பொன்னாடைத் தட்டு

(திருமங்கலம் அருகே, கால்பந்து பழகும் மாணவிகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கோல்கீப்பர் உயரம்.

போன வாரம் ஒரு அம்மா, "அடிச்சாலும் பரவாயில்லை டீச்சர், பிள்ளை ஸ்டேட் டீமுக்குப் போனால் போதும்" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நான் ஆடிய காலத்தில் எங்கள் கோச் ஒரு எடை மெஷின் வைத்திருந்தார். சனிக்கிழமை காலை வரிசையாக ஏற வேண்டும். முள் நிற்கிற இடத்தை அவர் சத்தமாகப் படிப்பார். பக்கத்தில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருப்பார்கள். "என்னம்மா, பரோட்டா கடையிலேயே குடியிருக்கியா?" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடும் எங்கள் ஸ்டாப்பர் முதலில் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் வியாழக்கிழமையும் விட்டாள். ஒரு மேட்ச்சில் பந்து அவள் பக்கமே வராதபோது மயங்கி விழுந்தாள். அவள் அப்பா வந்து கேட்டதற்கு, "கண்டிப்பு இல்லாமல் கப் வராது" என்று பதில். கப்பும் வந்தது. அதற்கப்புறம் யார் கேட்பார்கள்?

பிறகு அந்த கோச் மேல் வேறொரு புகார் எழுந்தது. அதை இங்கே விரிக்க மாட்டேன். அவரை அனுப்பினார்கள், பொன்னாடை போர்த்தி, "சேவைக்கு நன்றி" சொல்லி. அந்தத் தட்டை ஏந்தி நின்றது நான். அடுத்த கல்வியாண்டில் அவர் வேறொரு பள்ளியில் கோச்.

இது நம்மூர்ப் பழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் இதே கதை. 2015-இல் அங்கே பெண்கள் கால்பந்து லீக்கில் ஆடும் போர்ட்லேண்ட் தோர்ன்ஸ் அணியின் வீராங்கனை மானா ஷிம் தன் கோச் பால் ரைலி மேல் புகார் கொடுத்தார். கிளப் விசாரித்தது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது, வெளியே நன்றி மட்டும் சொன்னது. சில மாதங்களில் அதே லீக்கில் இன்னொரு அணி அவரை எடுத்துக்கொண்டது. கோப்பைகளும் வந்தன. 2021-இல் செய்தி வெளியான பிறகுதான் வேலை போனது. அந்த அக்டோபர் 6-ஆம் தேதி எல்லா ஆட்டங்களும் ஆறாவது நிமிடத்தில் நின்றன. இரண்டு அணிப் பெண்களும் நடுவட்டத்தில் கை கோத்து நின்றார்கள். கேட்க ஆளில்லாமல் போன ஆறு வருஷத்துக்கு நிமிடம் ஒன்று. 2023 ஜனவரியில் அவரையும் சேர்த்து நாலு கோச்சுகளுக்கு அந்த லீக்கில் நிரந்தரத் தடை வந்தது.

நம் நாட்டிலும் 2022-இல், உலகக் கோப்பைக்குத் தயாராக ஐரோப்பா போயிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் தவறான நடத்தைப் புகாரில் நீக்கப்பட்டார்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து ரவுண்டு ஓடச் சொன்னால் ஓடத்தான் வேண்டும். லேட்டாக வந்தால் பெஞ்சுதான். உடம்பைப் பற்றிக் கேலி, ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக வாட்ஸ்அப், ரூமுக்கு வந்து வீடியோ பார் என்பது, இதற்கெல்லாம் கண்டிப்பு என்று பேர் வைக்காதீர்கள்.

2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன். மறு வருஷமே நம்ம மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. பிள்ளைகள் கூடினார்கள். விசில் மாட்டியவர்களும் கூடினார்கள். கோச் லைசென்ஸில் டி, சி, பி, ஏ என்று படிகள் இருக்கின்றன. எந்தப் படி என்று கேளுங்கள், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் லைசென்ஸ் ஆட்டம் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்குத்தான் சாட்சி. முன்பு வேலை பார்த்த இடத்தை ஏன் விட்டார் என்று அங்கேயே போன் போட்டு விசாரியுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தெரு விசாரிக்கிறோமே!

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒன்று. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பொன்னாடை வாங்குவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரை மனப்பாடம் செய்யுங்கள், கூப்பிடக் காசு கிடையாது.

என்னையும் கேட்கலாம். என் காகிதங்கள் அந்த மேசை மேல் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் எழுதுவதைப் படிக்கப்போவது நான் இல்லை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு அம்மாக்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மேட்ச்சுக்கு வேன் காலை ஐந்தரைக்குக் கிளம்பும். பிள்ளைகளோடு ஒரு அம்மா கூட வர வேண்டும். யார் வருகிறீர்கள்?