அப்போஸ்டில் போட்ட பிறகும் தூதரக முத்திரை வேண்டுமா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "நான் பிறந்தது ஒரு நாட்டில், டிகிரி முடித்தது இன்னொரு நாட்டில், இப்போது வேலை பார்ப்பது மூன்றாவது நாட்டில். அடுத்து வேறொரு நாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாச் சான்றிதழ்களுக்கும் இங்கேயே அப்போஸ்டில் வாங்கிவிடலாமா? அதற்கு மேல் தூதரக முத்திரையும் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்கிறாரே, உண்மையா?"

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தை வேறொரு நாட்டில் காட்டுவதற்காக, ஆவணம் கொடுத்த நாட்டின் அரசு அலுவலகம் அதோடு சேர்த்துத் தரும் சான்று. அது எதற்குச் சாட்சி சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டுக்குமே விடை கிடைத்துவிடும். அது வந்துவிட்டால் டிகிரி செல்லும் என்று அரசாங்கமே சொன்ன மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கையெழுத்து இன்னாருடையது, அவர் இந்தப் பதவியில் இருந்து போட்டது, இந்த முத்திரை உண்மையானது. இவ்வளவுதான் அது சொல்வது. சான்றிதழுக்குள் எழுதியிருப்பது சரியா தப்பா என்பதைப் பற்றி வாயே திறக்காது.

கையில் அப்போஸ்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம், மேலே பிரெஞ்சில் தலைப்பு, கீழே எண் போட்ட 10 வரிகள். எந்த நாடு, கையெழுத்துப் போட்டவர் யார், என்ன பதவி, யாருடைய முத்திரை, எங்கே, எந்தத் தேதியில், யார் கொடுத்தது, என்ன எண் என்று போகும். அந்தப் பத்து வரியில் உங்கள் பெயர் எங்கேயும் கிடையாது. அது உங்களைப் பற்றிய காகிதமே இல்லை, கையெழுத்துப் போட்ட அதிகாரியைப் பற்றியது.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வாருங்கள். ஒரு நாட்டு அலுவலகத்துக்குத் தன் அதிகாரிகளின் கையெழுத்துதான் தெரியும். அடுத்த நாட்டுப் பதிவாளர் போட்ட கையெழுத்துக்கு அது எப்படிச் சாட்சி சொல்லும்? அதனால் பிறப்புச் சான்றிதழ் பிறந்த நாட்டுக்கும், டிகிரி படித்த நாட்டுக்கும் போக வேண்டும். நீங்களே விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. பல நாடுகளில் தபாலில் அனுப்பலாம், அல்லது அதிகாரக் கடிதம் கொடுத்து வேறொருவர் மூலம் செய்யலாம்.

இதில் ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். டிகிரியை நகல் எடுத்து, இருக்கிற ஊரிலேயே ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அதற்கு அப்போஸ்டில் வாங்கிவிடுவது. அது போலி இல்லை, உண்மையான அப்போஸ்டில்தான். ஆனால் சாட்சி சொல்வது நோட்டரியின் கையெழுத்துக்கு, உங்கள் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துக்கு அல்ல. நீங்கள் சான்றிதழைக் கொடுக்கப்போகிற இடத்தில் நோட்டரி நகல் போதும் என்று எழுத்தில் சொல்லியிருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் பணமும் நாளும் போனதுதான் மிச்சம்.

அப்புறம் தூதரக விஷயம். முன்பெல்லாம் நோட்டரி, துறை, வெளியுறவு அமைச்சகம், கடைசியில் தூதரகம் என்று ஒருவர் முத்திரைக்கு இன்னொருவர் சாட்சி சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 1961 அக்டோபர் 5-ஆம் தேதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஆவணம் கொடுத்த நாடு, ஆவணம் போகிற நாடு இரண்டுமே உறுப்பினர் என்றால் அப்போஸ்டிலோடு வேலை முடிந்தது. அந்த இடத்தில் தூதரகங்கள் முத்திரை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்ட இரண்டு நாடுகளுக்கு நடுவே தூதரகக் கட்டணம் கேட்கிறார் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

அவர் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை நான் பேசும் இந்த நேரத்தில் ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போகிற காகிதத்துக்குப் பழைய சங்கிலிதான். சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் நடைமுறைக்குள் வந்தன, அதனால் பழைய வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். என்னுடைய பழைய வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொரு சிக்கல், புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கெனவே இருக்கிற நாடு ஆட்சேபிக்கலாம். அப்போது இரண்டும் பட்டியலில் இருக்கும், ஆனால் அவற்றுக்கு இடையே அப்போஸ்டில் செல்லாது. இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஹேக் மாநாட்டு அமைப்பின் (HCCH) இணையதளத்தில் உள்ள பட்டியலில் ஆட்சேபமும் குறித்திருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்களைப் போல நாடு மாறி வளர்ந்தவர்களுக்கு ஒன்று. பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து அங்கேயே சான்றிதழ் வாங்கியிருந்தால், அதற்கு இந்த ஒப்பந்தப்படி அப்போஸ்டில் கிடையாது. தூதரக ஆவணங்களை ஒப்பந்தமே விலக்கி வைத்திருக்கிறது. உள்நாட்டுப் பதிவு அலுவலகம் கொடுக்கும் சான்றிதழ் கிடைக்குமா என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பை அவசரப்பட்டு முதலில் செய்யாதீர்கள். சில இடங்களில் அப்போஸ்டில் பக்கத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். முதலிலேயே செய்தவர் இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்டில் தாளைச் சான்றிதழோடு பின் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் நேராக வரட்டும் என்று பின்னைக் கழற்றினேன், ஸ்கேன் செய்தேன், அதே ஓட்டையில் திரும்பக் குத்தினேன். கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பி அந்த ஓட்டையைத்தான் பார்த்தார். பிரித்து மாட்டியது செல்லாது என்று கையில் கொடுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து. பின்னைத் தொடாதீர்கள், மூலையை மடக்கி ஸ்கேன் செய்தால் போதும். லேமினேஷன் அதைவிட மோசம், பிளாஸ்டிக்குக்கு மேல் பல அலுவலகங்களில் முத்திரை குத்த மாட்டார்கள்.

அப்போஸ்டிலுக்குக் காலாவதித் தேதி கிடையாது, ஆனால் குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் சான்றிதழ் பழசாகிவிடும். சில மாதங்களுக்குள் வாங்கியதுதான் வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். டிகிரியையும் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே அனுப்பிவிடுங்கள், போலீஸ் சான்றிதழுக்குக் கடைசியில் விண்ணப்பியுங்கள்.