முதலை ஏன் வாயைத் திறந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

குரங்கும் முதலையும் கதையில் உண்மையான மோதல் நடப்பது தண்ணீரிலா, முதலையின் மனத்திலா? தண்ணீரில்தான் என்றார் எதிரணி நண்பர். பலத்துக்கும் புத்திக்கும் சண்டை, புத்தி ஜெயித்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாமும் அப்படித்தான் ஒப்பித்தோம்.

ஐயா, இது பஞ்சதந்திரத்தின் 4-ஆம் தந்திரம், அதாவது நான்காம் பகுதி. பெயர் லப்தப்பிரணாசம். கையில் கிடைத்ததைத் தொலைப்பது என்று பொருள். தொலைத்தது யார்? குரங்கா? மரத்திலிருந்து கிளம்பி மரத்துக்கே வந்து சேர்ந்த அதற்கு ஒரு நாவல்பழம்கூட நஷ்டமில்லை. தொலைத்தது முதலை. இது யாருடைய கதை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான சும்சுமார ஜாதகத்திலும் இதே குரங்கும் முதலையும் வருகின்றன. அங்கே நட்பு கிடையாது, வேட்டைதான். அந்தக் கதைக்கு நண்பர் சொன்னது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். பஞ்சதந்திரத்திலோ தினமும் குரங்கு பழம் போடுகிறது, முதலை தின்றுவிட்டு மிச்சத்தை மனைவிக்குக் கொண்டுபோகிறது. அவளுக்குச் சந்தேகம்: பழம் போடுவது ஆண் குரங்குதானா? அதன் இதயம் வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாவேன் என்கிறாள். நண்பனா, மனைவியா? குரங்கு முதுகில் ஏறுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது!

இப்போது நடுத்தண்ணீருக்கு வாருங்கள். குரங்கு முதுகில் இருக்கிறது, கரை தெரியவில்லை. முதலை சும்மா முங்கியிருந்தால் போதும், வேலை முடிந்தது. அது என்ன செய்கிறது? உண்மையைச் சொல்லி, 'உன் இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொள்' என்கிறது. இனி தப்ப முடியாது என்ற திமிரில் சொன்னது என்பார் நண்பர். சரி, திமிர் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோழி அறுப்பவர் கோழியிடம் சாமி கும்பிட்டுக்கொள் என்று சொல்வாரா? இரையிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தின்ற நாவல்பழம் தொண்டையில் உறுத்துகிறது, அதுதான் பேசவைத்தது.

அந்த ஒரு பேச்சில் கிடைத்த இடைவெளியில்தான் குரங்கின் புத்தியே நுழைகிறது. இதயத்தை மரப்பொந்தில் வைத்துவிட்டேன் என்றதும் முதலை உடனே திரும்புகிறதே, அது முட்டாள்தனம் மட்டுமா? நண்பனைக் கொல்வதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்த நிம்மதி என்கிறேன் நான்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று. கதையின் கடைசியில் முதலையின் மனைவி செத்துப்போகிறாள். வீட்டை வேறொரு முதலை பிடித்துக்கொள்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று நம் முதலை யாரிடம் யோசனை கேட்கிறது தெரியுமா? மரத்தில் உட்கார்ந்திருக்கும் அதே குரங்கிடம்தான்.