வேஷத்துக்குள்ள இருக்கிறது யாருன்னு ஊருக்குத் தெரியணும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே ஜெயிச்சுட்ட மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கிற எதிரணி நண்பர்களுக்கும், ஆடிக்காத்துல பந்தல் பறந்தாலும் பரவாயில்லைன்னு உட்கார்ந்திருக்கிற நம்ம சேலம் குகைப் பகுதிப் பெரியவங்களுக்கும், மேடைக்குக் கீழ தட்டுவடை செட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற பசங்களுக்கும் என் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடறேன். எதிரணி பேசின வேகத்துல அது எங்கேயோ விழுந்துபோச்சு. "மாயாஜால உலகத்துல நடக்கிற ஆர்.பி.ஜி. கேம் ஒண்ணு மனசுல நிக்கிறது எதனால? அது காட்டுற பிரம்மாண்டத்தாலயா, நாம செஞ்சதை அது ஞாபகம் வச்சிருக்கிறதாலயா?" நான் ரெண்டாவது கட்சி.

ஆர்.பி.ஜி.ன்னா என்னன்னு முன்வரிசையில ஒரு அம்மா கேட்டாங்க. ரோல் பிளேயிங் கேம், கம்ப்யூட்டர்லயோ போன்லயோ வேஷங்கட்டி ஆடுறதும்மா, அவ்வளவுதான். கத்தி தூக்கினவனாவோ, மந்திரவாதியாவோ, திருடனாவோ ஒரு வேஷத்தை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்குள்ள போய்ப் பொழைக்கணும். குகைக்காரங்களுக்கு இதை நான் வேற சொல்லித் தரணுமா? சாமி வேஷங்கட்டி அலங்கார வண்டியில ஊர்வலம் வர்ற வண்டி வேடிக்கை நடத்துற ஊருங்க இது!

முந்தாநாள் ராத்திரி நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஒரு வண்டி வந்துச்சு. சீரியல் லைட்டு, பின்னாடி சுத்துற சக்கரம், புகை, பாட்டு. மேல சிவபெருமான். கழுத்துல பாம்பு, உடம்பெல்லாம் நீலம். எங்க சந்து முனைக்கு வந்தப்ப, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் தங்கச்சி பையன் என் தோள்மேல உட்கார்ந்துக்கிட்டு, "ஏ! இஸ்திரிக்கடை மாமா!"ன்னு கத்திப்புட்டான். கூட்டமே சிரிக்குது. சிவபெருமான் அசையாம இருக்கணும் பாருங்க, அதுதான் வேஷத்துக்கு மரியாதை. ஆனாலும் மெல்லத் திரும்பி, இவனைப் பார்த்து ஒரு கண்ணடிச்சாரு. வண்டியில எத்தனை பல்பு இருந்துச்சுன்னு இப்ப அவனைக் கேளுங்க, தெரியாது. சிவன் தன்னைப் பார்த்துக் கண்ணடிச்ச கதையை மட்டும் இன்னைக்குக் காலையில வரைக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கிட்டு இருக்கான்.

என் கட்சி இவ்வளவுதானுங்க. இங்கேயே உட்கார்ந்துடலாம். ஆனா எட்டு நிமிஷம் கொடுத்திருக்கீங்க.

எதிரணியில முதல்ல பேசின தம்பி ஒரு கணக்கு சொல்லிக் கைதட்டல் வாங்கினாரு. 1996ல வந்த 'டாகர்ஃபால்' கேமோட உலகம் பிரிட்டன் அளவு, ஊரு, கோட்டை, பாதாளம்னு 15,000க்கு மேல இருக்குன்னாரு. தம்பி பொய் சொல்லலை. கேமை எடுத்தவங்களே அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அந்த 15,000த்தையும் யாரு கட்டுனதுன்னு அவரு சொல்லலையே! பெரும்பாலும் கம்ப்யூட்டர் கட்டுனது. நாலஞ்சு அச்சை வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அடுக்குற சூத்திரம். 2009ல அந்தக் கம்பெனி அதை இனாமா விட்டுச்சு. இனாம்னா விடுவமா? நானும் இறக்கி ஆடினேன். ஒரு ஊருக்குப் போனேன், சத்திரம். அடுத்த ஊருக்குப் போனேன், அதே மாதிரி சத்திரம், அதே மாதிரி ஆளு, அதே மாதிரி பேச்சு. நாலாவது ஊர்ல, போன ஊர்லயே சுத்திக்கிட்டு இருக்கோமோன்னு சந்தேகம் வந்துடுச்சு. கொல்லிமலைக்குப் போற பஸ்ல தூங்கிப்போய், முழிச்சுப் பார்த்தா திரும்பவும் சேலம் பஸ் ஸ்டாண்டுல கிடந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

அதே பெதஸ்டா கம்பெனி 2002ல 'மாரோவிண்ட்'னு ஒண்ணு விட்டுச்சு. ஒரே ஒரு தீவு. முன்னதோட பக்கத்துல வச்சா ஒரு மூலைக்குக் காணாது. ஆனா இந்தத் தடவை கையால வச்சாங்க. போற இடத்தைக் காட்ட அம்புக்குறி கிடையாது. ஆளைக் கேட்டுத்தான் போகணும். ஆத்தோரமாப் போ, பாறை வரும், அதுக்கு மேற்கால திரும்புன்னு சொல்லுவாங்க. நம்மாளுங்க, "நாலு ரோட்டுல இறங்கிக்க, நேரா வா, முன்னாடி ஒரு புளியமரம் இருந்துச்சு, இப்ப வெட்டிட்டாங்க, அங்க திரும்பு"ன்னு சொல்ற மாதிரிதான். சில பேரு சொல்ற வழி தப்பாவே இருக்கும், அது இன்னும் நம்மூரு மாதிரி. கடைக்காரனுக்கு உங்களைப் பிடிச்சா ஒரு விலை, பிடிக்கலைன்னா ஒரு விலை. நீங்க எந்தக் கூட்டத்துல சேர்ந்திருக்கீங்க, என்ன இனம்னு எல்லாத்தையும் கணக்குல வச்சிருப்பான். செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுல என் அப்பாவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலைதானே சொல்றாங்க? அந்தத் தீவு எனக்கு ஊரா மாறினது அந்த இடத்துலதான்.

அடுத்து பேசின அக்கா, "சேலத்துக்காரரே பிரம்மாண்டத்தைக் குறை சொல்லலாமா? மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ செட்டு போட்ட ஊராச்சே"ன்னாங்க. உண்மைதான்க்கா. ஏற்காடு ரோட்டுல போய்ப் பாருங்க, அந்த ஸ்டுடியோ வாசல் வளைவு மட்டும் நிக்குது. அரண்மனையெல்லாம் அட்டைதானே, எப்பவோ போச்சு.

இப்ப ஒரு வழக்கு. நடுவர் ஐயாவுக்குப் பிடிக்கும், தீர்ப்பு சொல்றவரு இல்லையா.

'க்ரோனோ ட்ரிக்கர்'. 1995ல ஜப்பான்ல வந்தது. கேமு ஆரம்பிக்கிறதே ஒரு திருவிழாவுலதான். ராஜ்ஜியத்தோட ஆயிரமாவது வருஷக் கொண்டாட்டம், கடை, ராட்டினம், கூட்டம். நம்மாளு அதுல சுத்துறான். ஒரு பொண்ணு வந்து மேல மோதி, ரெண்டு பேரும் விழுந்துடறாங்க. அவ கழுத்துல இருந்த பதக்கம் தெறிச்சு ஓடுது. முதல்ல அவளைத் தூக்கிவிடலாம், இல்லை பதக்கத்தை எடுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு மேஜை மேல சாப்பாடு இருக்கும். கேமுல மேஜை மேல எதைப் பார்த்தாலும் பட்டனை அமுக்குறது நம்ம ரத்தத்துல ஊறினது. அமுக்கினேன். தின்னுட்டான். ஒரு சின்னப் பொண்ணு பூனையைக் காணோம்னு நிக்கும். எனக்கு அவசரம், ராட்சசனைக் கொல்லணும், பூனையாவது ஒண்ணாவது. போயிட்டேன்.

ரெண்டு மணி நேரம் ஆகுது. அந்தப் பொண்ணு இளவரசின்னு தெரியுது. பத்திரமா அரண்மனையில கொண்டுபோய் விடறேன். பாராட்டுவாங்கன்னு பார்த்தா, இளவரசியைக் கடத்தினவன்னு கையைக் கட்டிக் கோர்ட்டுல நிறுத்திட்டாங்க! வக்கீல் எந்திரிச்சாரு. இவன் யோக்கியனா, பார்ப்போம்னாரு. ஒருத்தர் சாட்சிக்கு வர்றாரு. யாரு? சாப்பாட்டுக்காரரு! "என் சோத்தைத் தின்னவன் இவன்தான்" கதை! முதல்ல பதக்கத்தை எடுத்தியா, பொண்ணைப் பார்த்தியாங்கிறதும் அங்க வருது. எனக்கு நிஜமாவே வேர்த்துப்போச்சுங்க. போன்ல ஆடிக்கிட்டு இருந்தேன், சுத்திமுத்திப் பார்த்துக்கிட்டேன், யாராவது பார்க்கிறாங்களான்னு. ஜூரிங்க ஒவ்வொருத்தரா நடந்துபோய் ஏதாவது ஒரு பக்கம் நிப்பாங்க. ஒவ்வொரு காலடிக்கும் பக்கு பக்குங்குது. டிராகனுக்கு முன்னாடி நின்னப்பகூட எனக்கு அப்படி இல்லை.

அக்கா உடனே கேப்பாங்க, அவங்களும் ஆடினவங்கதானே. "தீர்ப்பு எப்படி வந்தாலும் உன்னை ஜெயில்லதான் போடுவாங்க? அப்புறம் ஞாபகம் வச்சு என்ன பிரயோசனம்?" ஒத்துக்கறேன்க்கா. கதை ஒரே ரோட்டுலதான் போகுது. ஆனா ஒண்ணும் பண்ணாம ஜெயிலுக்குப் போனவன் ஒரு மாதிரி நடப்பான், சோத்தைத் திருடிட்டு ஜெயிலுக்குப் போனவன் வேற மாதிரி நடப்பான். அதுக்கப்புறம் எந்த கேமுலயும் யாரோட சாப்பாட்டையும் நான் தொட்டதில்லை.

இது புதுசாவும் வந்த விஷயமில்லை. 1985லயே, படம்னு சொல்லிக்கக் கட்டம் கட்டமா நாலு கலர் இருந்த காலத்துல, 'அல்டிமா நாலு'ன்னு ஒண்ணு. மந்திர மூலிகை விக்கிற வியாபாரிக்குக் கண்ணு தெரியாது. எவ்வளவு காசு போடறோம்னு நாமதான் சொல்லணும். குறைச்சுப் போட்டாலும் பேசாம வாங்கிக்குவாங்க. ஆனா உள்ளுக்குள்ள உங்க நேர்மைக் கணக்குல குறைஞ்சுக்கிட்டே வரும். அந்த கேமுல கடைசியில கொல்லுறதுக்குன்னு பெரிய வில்லனே கிடையாது, நல்லவனா ஆகுறதுதான் வேலை. மாம்பழ சீசன்ல எடை போடும்போது தராசைத் தட்டுற ஆளுங்களை அங்க அனுப்பணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

பிரம்மாண்டத்துக்கு நேர் எதிரா ஒண்ணு காட்டவா? 2015ல வந்த 'அண்டர்டேல்'. டோபி ஃபாக்ஸ்னு ஒருத்தரு, பாட்டு முதற்கொண்டு பெரும்பாலும் தனியாளாப் பண்ணினது. படத்தைப் பார்த்தா என் தங்கச்சி பையன் சிலேட்டுல வரைஞ்ச மாதிரி இருக்கும். ஆரம்பத்துல டோரியல்னு ஒரு ஆட்டுமுக அம்மா உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், பலகாரம் சுட்டுத் தர்றாங்க. அப்புறம் வெளிய போக விடமாட்டேங்கிறாங்க, போனா நீ செத்துப்போயிடுவேன்னு சொல்லி. வாசல்ல சண்டை. வேற வழி தெரியாம அவங்களைக் கொன்னுட்டேன். மனசு கேக்கலை. சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிப்போய், இந்தத் தடவை பொறுமையா விட்டுக்கொடுத்து உயிரோட விட்டேன். அப்பாடான்னு வெளிய வந்தா, ஒரு பூவு உட்கார்ந்திருக்கு. நீ முதல்ல கொன்னது எனக்குத் தெரியும்னு சிரிக்குது! கேமை அணைச்சு ஏத்தினா பாவம் கழிஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம் பாருங்க, இத்தனை வருஷமா? அன்னைக்குத் தூங்கறப்ப மணி மூணு.

(மணி ஒண்ணு அடிச்சுட்டாங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க.)

எதிரணியில மூணாவதா வந்த அண்ணன் பெரிய துருப்புச்சீட்டு வச்சாரு. 'எல்டன் ரிங்', 2022. எவ்வளவு பெரிய மேப்பு, எவ்வளவு பெரிய ராட்சசன், ஆரம்பத்துலயே தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் நசுக்குறானே, அதுதான் நிக்குதுன்னாரு. அண்ணே, அந்தக் குதிரைக்காரன்கிட்ட நானும் ஒரு ராத்திரி பூரா செத்தேன். ஆனா அதை எடுத்த மியாசாகி ஒரு பேட்டியில சொன்ன கதை தெரியுமா? ஒரு பனி நாள்ல மலை ரோட்டுல ஏறிக்கிட்டு இருந்திருக்காரு. முன்னாடி கார் வழுக்கி நின்னுபோச்சு, பின்னாடி எல்லாமே நின்னுபோச்சு. பின்னாடி இருந்தவங்க முன்னாடி காரைத் தள்ளியிருக்காங்க. இவரு காரையும் யாரோ தள்ளிவிட்டாங்க. நன்றி சொல்ல நிறுத்தினா திரும்பவும் மாட்டிக்கும். அதனால போய்க்கிட்டே இருந்தாராம். கடைசிக் காரைத் தள்ள யாரு இருந்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே. 2009ல 'டீமன்ஸ் சோல்ஸ்' எடுத்தப்ப, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே உதவிக்கிற ஏற்பாட்டை அதுல வச்சாரு. எல்டன் ரிங்ல ஆடுறவங்க மத்தவங்களுக்காகத் தரையில எழுதி வைக்கிற மின்னுற எழுத்தெல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இது நமக்கு யாரும் சொல்லணுமா? ஒரு ஐப்பசி மழையில மேல பாதி தூரத்துல என் பழைய வேனு நின்னுபோய்ப் பின்னாடி உருள ஆரம்பிச்சுது. எதிர்ல இறங்கின டெம்போக்காரர் குதிச்சு வந்து, பின்சக்கரத்துக்குப் பாறாங்கல்லு முட்டுக்கொடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம ஏறிப் போயிட்டாரு. ஏற்காட்டு மேல இருக்கிற லேடீஸ் சீட்டுங்கிற மலைமுனையில நின்னு எத்தனை தடவை கீழ சேலத்தைப் பார்த்திருக்கேன், அந்த அழகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. அந்தக் கல்லு மட்டும் தனியா நிக்குது.

எல்டன் ரிங்ல நீங்க "முன்னாடி பள்ளம்"னு எழுதி வச்சுட்டுப் போறீங்க. எங்கேயோ ஒருத்தர் படிச்சு, நல்லா இருக்குன்னு குறி போட்டா, அந்த நொடியே உங்க ஆளுக்கு உயிர் ஏறுது. சாகப்போற நேரத்துல ஒருதடவை எனக்கு அப்படி ஏறிச்சு. சில பேரு மலை விளிம்புல "குதி, புதையல்"னு எழுதி வைக்கிறாங்களே, அதையும் சொல்லிடறேன். அவங்களையும் மறக்கலை.

(ரெண்டாவது மணி. முடிச்சுக்கறேன்.)

'பால்டர்ஸ் கேட் மூணு'. பெல்ஜியம்காரங்க, லாரியன், 2020லேர்ந்து ஆடுறவங்க கையில கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துத் திருத்தி 2023ல விட்டது. அதுல பிணத்தோட பேசுற மந்திரம் உண்டு, அஞ்சு கேள்வி கேக்கலாம். ஆனா அவனைக் கொன்னதே நீங்கன்னா, பிணம் உங்களோட பேசமாட்டேங்குது! செத்ததுக்கப்புறமும் மூஞ்சி ஞாபகம் இருக்கு. வேற வேஷம் போட்டுக்கிட்டுப் போனா, ஏமாந்து பேசுது. இதைவிட என் கட்சிக்கு ஒரு சாட்சி எங்க போய்த் தேட?

எனக்கு மிச்சம் இருக்கிற அரை நிமிஷத்தை முதல்ல பேசின தம்பிக்கே தர்றேன். பிரிட்டன் அளவு உலகம்னீங்களே தம்பி, 15,000 இடம்னீங்களே, அதுல நீங்க தங்கின ஒரே ஒரு சத்திரத்துக்காரர் பேரைச் சொல்லுங்க. அவசரம் இல்லை, யோசிச்சே சொல்லுங்க. மூணாவது வரிசையில சிவபெருமான் உட்கார்ந்திருக்காரு, அவருக்கும் காலையில கடை திறக்கணும், அவ்வளவுதான்.

வணக்கம்.