சூரைச்செடியின் கீழ் ஓர் அடை

(தவக்காலமாகிய லெந்து நாள் மாலைக் கூட்டமொன்றில் பேசியது)

எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

நம் சபையில் யாரிடமாவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்." ராத்திரி முழுக்க ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவரும் அதையேதான் சொல்வார். வேறு மாதிரி சொன்னால் விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தை நமக்கு யார் கொடுத்தது? வேதம் கொடுக்கவில்லை.

1 இராஜாக்கள் 18-ல் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே ஒற்றை ஆளாக நிற்கிறார். அவர் ஜெபத்துக்கு அக்கினி இறங்குகிறது. ஒரு பக்கம் திருப்புங்கள். ராணி யேசபேல் ஆளனுப்பி மிரட்டியதும் பெயெர்செபா வரைக்கும் ஓடுகிறார். வேலைக்காரனைக்கூட அங்கேயே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். சாகவேண்டும் என்று கேட்கிறார். அப்படியே தூங்கிப்போகிறார்.

தேவன் அவரைத் திட்டினாரா? நேற்று அக்கினியைக் கண்டவன் இன்றைக்கு இப்படிப் பேசலாமா என்று கேட்டாரா? ஒரு தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிடுகிறார், குடிக்கிறார், திரும்பவும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை! இரண்டாம் தரம் எழுப்பித்தான், "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான் தூதன். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று தேவன் கேட்பது, எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்து சேர்ந்த பிறகு.

லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1856 அக்டோபரில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு வயது 22. கடைசிவரை மனச்சோர்வு அவரிடம் வருவதும் போவதுமாக இருந்தது. அதைத் தன் மாணவர்களிடம் ஒளிக்காமல் பேசினார். குளிர்காலத்தில் பிரான்சின் மெந்தோன் ஊருக்குப் போய் வெயிலில் இளைப்பாறினார். நாமோ சுகர் மாத்திரையை எல்லார் முன்னாலும் போட்டுக்கொள்கிறோம், மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் கைப்பையின் அடியில் ஒளித்துவைக்கிறோம்.

என் அம்மா தவறிப்போன சமயம் எனக்கு ஜெபிக்க வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் திறக்காது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "இவ்வளவு சோர்வு ஆகாது தம்பி, விசுவாசத்தை எங்க வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அந்த நாட்களில் என்னால் வாசிக்க முடிந்தது 88-ம் சங்கீதம் ஒன்றுதான். கடைசி வசனம் வரைக்கும் அதில் விடியவே விடியாது. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்தில் இருக்கிறதே, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது. சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா. மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு வருவார். சோறு, ரசம், சுட்ட அப்பளம். கதவோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை கீரைக்காரி விலை கூட்டின கதையைச் சொல்வார். வசனம் எதுவும் சொன்னதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஜெபிக்கட்டுமாய்யா?" என்று கேட்டார்.

என்ன ஜெபித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. ரசத்தில் பூண்டு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.