சோழியும் ஓதமும்

(புதுச்சேரியில் ஒரு பள்ளி அறிவியல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி ஜான் வாரன் என்ற அறிஞர் 1825-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம் அவர். எப்பேர்ப்பட்ட நினைவாற்றல்! ஆனால் வாரன் இன்னொன்றும் சொல்கிறார்: அந்தக் கணக்கை ஏன் அப்படிப் போடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வாய்பாட்டை முதலில் ஆக்கியவர்கள் யாரோ, எத்தனை இரவு வானத்தைப் பார்த்துக் கிடந்திருப்பார்கள், எத்தனை கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள்! நம் வகுப்பறையில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் திருத்திய ரெக்கார்டு நோட்டுகளில் மூன்று முறை அளந்தாலும் மூன்றும் அச்சடித்தாற்போல் 15.0 செ.மீ. என்றே இருக்கும். உண்மையாகக் கையால் அளந்தால் 14.7 வரும், 15.2 வரும். அப்படி எழுதிய ஒரு மாணவனுக்குச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான்தான். அடுத்த சோதனையில் அவனும் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிட்டான். அந்தப் பிள்ளையிடம் எதைப் பறித்தேன் என்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் உறைத்தது.

பிறகு ஒரு மாணவி வந்தாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். "கடல் தினமும் நேத்தைவிட லேட்டா ஏறுதே, ஏன் சார்?" என்று கேட்டாள். அளந்து பார் என்றேன். கோடை விடுமுறையில் எட்டு நாள் தேங்காய்த்திட்டுப் பக்கம் படகு கட்டும் ஒரு தூணில் சாக்பீசால் கோடு போட்டு, தண்ணீர் உச்சிக்கு வரும் நேரத்தைக் குறித்தாள். ஒருநாள் 40 நிமிடம் தள்ளியது, ஒருநாள் 60. எதையும் அழிக்கவில்லை. சராசரி 50 நிமிடத்தை ஒட்டி வந்தது. நிலா உதிப்பதும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பதை அவளே நாட்காட்டியில் கண்டுபிடித்தாள். அந்த நோட்டை நான் திருத்தவில்லை.

அதோடு விட்டாளா? "நிலா ஒண்ணுதானே சார், கடல் ஏன் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறுது?" விடை எனக்குத் தெரியும். வாய்வரை வந்துவிட்டது. ஆசிரியர்களே, அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். "நீ என்ன நினைக்கிறாய்? எழுதிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

நாலு நாளில் மூன்று யோசனைகளோடு வந்தாள். அதில் ஒன்று: பூமி ஓடுகிற ஓட்டத்தில், தூக்கிக்கொண்டு நடக்கும் குடத்துத் தண்ணீர் மாதிரிக் கடல் தளும்புகிறது. அது தவறுதான். ஆனால், பூமியின் ஓட்டத்தால்தான் கடல் ஏறி இறங்குகிறது என்று கலிலியோவும் நினைத்தார். இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மற்ற இரண்டு யோசனைகளையும் எப்படிச் சோதிப்பது என்று கேட்டுக்கொண்டு, மறுநாளும் வந்து நின்றாள்.