தட்டுவடை செட் கடை பூனைக்கு கேப்ஷன் எழுதுன கதை (டிசைன் சார்ஜ் 150 ரூவாயாம்!!)

வணக்கம் வணக்கம், எல்லாரும் சாப்டாச்சா? இன்னைக்கு எங்க வீட்டுப் பூனை ஜவ்வரிசியோட வீடியோ இல்ல, அதுக்குள்ள கமெண்ட்ல ஆரம்பிச்சிடாதீங்க, அவ பீரோ மேல தூங்கறா, நல்லாத்தான் இருக்கா. நான்தான் ஒரே கடுப்புல இருக்கேன், சந்தோஷத்துலயும் இருக்கேன், ரெண்டுக்கும் காரணம் ஒரே ஃப்ளெக்ஸ்.

சேலம் அம்மாப்பேட்டை பக்கம் நான் வழக்கமா போற தட்டுவடை செட் கடை (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவலும் சட்னியும் வச்சிக் குடுப்பாங்களே, அது), அதான் அந்த கார சட்னி தாங்காம வீடியோவுலயே அழுதேனே, அந்தக் கடை. அந்த அண்ணன் நம்ம பூனை மீம் எல்லாம் பாத்துட்டு, "கண்ணு, நம்ம பூனைக்கும் ஒண்ணு எழுதிக் குடு, அடிச்சி கடையில மாட்டிக்கறேன்"னாரு. போட்டோவ அனுப்புனாரு பாருங்க, தங்கம்! ஆரஞ்சு கலர் கடுவன், ஒரு காது நுனி கிழிஞ்சி போயிருக்கு, கல்லாப்பெட்டி மேல முன்னங்கால மடக்கி உக்காந்துட்டு பாதிக் கண்ண மூடி நேரா நம்மளையே பாக்குது. அதுக்கு மேல செவுத்துல "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு. இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்னங்க வேணும்?

அண்ணனோட பையன் ஏற்கெனவே ஒண்ணு ரெடி பண்ணி வச்சிருந்தான், "கடன் கேட்டால் கடிப்பேன்". வேணாம் தம்பி. போர்டு அதத்தான் சொல்லுது, மூஞ்சியும் அதத்தான் சொல்லுது, பூனையும் வாயத் தொறந்து அதையே சொன்னா அப்புறம் எங்க இருந்து சிரிப்பு வரும்? படத்துல இருக்கறத கேப்ஷன் திருப்பி சொல்லக் கூடாது, நான் இத எத்தன வீடியோவுல கத்திட்டேன். அப்புறம் இந்தக் கொஞ்சல், "மம்மி எனக்கு பச்சிக்குது"ன்னு பூனைய மழலை பேச விடறது, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். எந்தப் பூனைங்க கொஞ்சுது? அது மோட்டார் போட்டது யாருன்னு மாடியில இருந்து எட்டிப் பாக்கற ஹவுஸ் ஓனர் மாதிரிதானே நம்மள பாக்குது, அந்த கெத்துலதான் பேசணும்.

வடிவேலு டயலாக்க பூனை மேல ஒட்டறதும் வேணாம்பேன். சண்டைக்கு வராதீங்க, அவரு நமக்கு தெய்வம், நாள் முழுக்க அவரு டெம்ப்ளேட்லதான் நான் மெசேஜே பண்றேன், ஆனா அந்த டயலாக்க படிச்ச உடனே அவரு மூஞ்சி வந்துடும், சிரிப்பு அவருக்குப் போயிடும், பூனை சும்மா ஓரமா நிக்கும்.

சரி, நான் மொதல்ல எழுதுனது "நாளைக்கு வந்தாலும் நான்தான் உக்காந்திருப்பேன்". நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நீளம். அது உக்காந்திருக்கறதுதான் தெரியுதே, "உக்காந்திருப்பேன்" எதுக்கு, தூக்கு. "வந்தாலும்" எதுக்கு, தூக்கு. மிஞ்சினது "நாளைக்கும் நான்தான்." அவ்ளோதான்! மேல போர்டு நாளைக்கு கடன்னு சொல்லுது, கீழ இவரு நாளைக்கும் நான்தான்றாரு. எங்கம்மா நான் போடறது எதுக்கும் சிரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும், இதப் பாத்துட்டு தோசைய கருக விட்டுட்டாங்க.

அய்யோ, பூனை பேரு சொல்லவே இல்லியே! ஏட்டையா. கடைக்கு வர்றவங்க போறவங்கள எல்லாம் மொறைக்கறதால அந்தப் பேராம்.

இப்ப கடுப்புக்கு வர்றேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்புனேன், அவரோட சாஃப்ட்வேர்ல போட்டா "ளை" ஒடஞ்சி போச்சு, முன்னாடி வர வேண்டிய கொம்பு ள-க்கு பின்னாடி ஒரு புள்ளி வட்டத்தோட தொங்குது. சரி பழைய ஃபான்ட்ல நானே அடிக்கறேன்னு அடிச்சாரு, என்ன அடிச்சாரு தெரியுமா, "நாலைக்கும் நான்தான்". நாலை! அப்புறம் நானே போன்ல எழுத்தோட சேத்து படமா பிஎன்ஜி எடுத்து டாக்குமெண்டா அனுப்பி விட்டேன், போட்டோவா அனுப்புனா வாட்ஸ்அப் சைஸ அமுக்கிடும், பெருசா அடிக்கறப்ப எழுத்து மசமசன்னு ஆயிடும், இத நோட் பண்ணிக்கோங்க. அந்த வெள்ளை எழுத்து, சுத்தி கருப்பு பார்டர் இருக்குல்ல, இங்கிலீஷ் மீம்ல வர்ற இம்பாக்ட் ஃபான்ட், 1965ல வந்தது, அதுல தமிழ் எழுத்தே கிடையாது. நம்ம ஃபான்ட்ல அதே மாதிரி தடியா பார்டர் குடுத்தா ள, ண சுழியெல்லாம் அடைச்சிக்கும். நான் படத்துக்கு கீழ ஒரு கருப்புப் பட்டை போட்டு அதுல வெள்ளையா எழுதிட்டேன், பார்டரே வேணாம்.

இவ்ளோவும் நான் பண்ணிக் குடுத்தேன். பில்லப் பாருங்க. ரெண்டுக்கு மூணு அடி, ஆறு சதுர அடி, அடிக்கு 15 ரூவா, 90. ஓகே. கீழ "டிசைன் சார்ஜ் 150". எந்த டிசைன்ங்க? "நாலை"யா? கேட்டா, "சிஸ்டம்ல ஓப்பன் பண்ணோம்ல மேடம்"ங்கறாரு. ஓப்பன் பண்ண 150 ரூவா! 150 ரூவாய்க்கு ஏட்டையா ஒரு வாரத்துக்கு மத்தி மீன் சாப்பிடுவாரு. பேசிப் பேசி 50க்கு எறக்குனேன், அந்த 50-உம் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்தான்.

போன வீடியோவுல ஒருத்தர் கேட்டிருந்தாரு, பூனை போட்டோவுக்கு கேப்ஷன் எழுதறதெல்லாம் இன்டர்நெட் வந்தப்புறம் வேலவெட்டி இல்லாதவங்க கண்டுபுடிச்சதுதானேன்னு. இல்லீங்க சார். இங்கிலாந்துல பிரைட்டன்ல ஹாரி பாயின்டர்னு ஒரு போட்டோகிராஃபர், 1870கள்லயே பூனைய விதவிதமா உக்கார வச்சி போட்டோ எடுத்து, அதுல வாசகம் எழுதி சின்ன அட்டையா வித்தாரு. பர்கர் கேக்கற பூனை மீம்ல ஃபேமஸ் ஆன "ஐ கேன் ஹேஸ் சீஸ்பர்கர்" சைட் 2007லதான் வருது. கிரம்பி கேட் தெரியும்ல, எப்பவும் கோவமா இருக்கற மாதிரி மூஞ்சியோட மீம்ல வருமே அந்தப் பூனை, 2012ல ஃபேமஸ் ஆச்சே, அவ நெஜப் பேரு டார்டார் சாஸ், பொறக்கும்போதே மூஞ்சி அமைப்பு அப்படி, கோவமே கிடையாது. கோவம் முழுக்க நாம எழுதுனது! 2019ல செத்துப் போச்சு, பாவம். ஏட்டையாவும் அப்படித்தான், நெஜத்துல அவரு தூக்கத்துல இருந்தாரு.

சம்பளம் என்னன்னு கேப்பீங்க. ரெண்டு தட்டுவடை செட், எக்ஸ்ட்ரா பீட்ரூட் கேரட் துருவல் போட்டு, பச்சை சட்னி தூக்கலா. கார சட்னி வேணாம்னு மொதல்லயே சொல்லிட்டேன்.

அடுத்து உங்க வேலை. ஏற்காடு போறப்ப 20-ஆவது கொண்டை ஊசி வளைவுல ஒரு போட்டோ எடுத்தேன், இப்ப ஸ்கிரீன்ல வருது பாருங்க. குரங்கு ஒண்ணு யாரோ கையில இருந்து சிப்ஸ் பாக்கெட்ட புடுங்கிட்டு உக்காந்து திங்குது, பக்கத்துல தடுப்புச் சுவர் மேல ஒரு கருப்புப் பூனை அதையே பாத்துட்டு இருக்கு. கேப்ஷன் எழுதுங்க, நாலு வார்த்தைக்கு மேல போனா படிக்க மாட்டேன், "எனக்கும் குடு"ன்னு எழுதறவங்கள பிளாக் பண்ணுவேன்.