கடல் தாண்டிய ‘சரிங்க’

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஃபிட்டராகப் பல வருஷம் இருந்துவிட்டு, அதே வேலைக்கு ஜெர்மனி போனேன். தென்மேற்கே ஷ்வேபிய மலைப்பகுதியில் ஆல்ப்ஷ்டாட் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நம்ம திருப்பூர் மாதிரியே பனியன், உள்ளாடை தயாரித்துப் பிழைத்த ஊர். பின்னலாடைக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பட்டறைக்குள் நுழைந்து மிஷின் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஊசி, சிங்கர், சிலிண்டர் என்று மிஷின் பாகம் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இனி என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

சிக்கல் ‘சரிங்க’வில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்து, சிலிண்டர் மாற்றி, துணி ஓட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட முடியுமா என்று கேட்டார். நம்ம பக்கம் பெரியவர் ஒருவர் கேட்டால் ‘சரிங்க’ என்போம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, முயன்று பார்க்கிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தச் ‘சரிங்க’வை நினைத்துக்கொண்டு நான் ‘யா’ என்றேன், ஜெர்மன் மொழியில் ‘ஆமாம்’. அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். புதன்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது, முடியாதென்று. துணியில் நீடில் லைன், அதாவது ஊசியால் வருகிற நீளக் கோடு, விழுந்துகொண்டே இருந்தது. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் சத்தம் போடவில்லை. “புதன்கிழமையே சொல்லியிருந்தால் இன்னோர் ஆளைத் தந்திருப்பேனே, ஏன் மறைத்தீர்கள்?” என்று கேட்டார். மறைத்தேன் என்ற அந்தச் சொல் சுட்டுவிட்டது. நான் மரியாதை என்று நினைத்து வாய்மூடி இருந்தது அவருக்குப் பொய்யாகத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ‘இல்லை’ என்ற சொல்லை நம் வீடுகளில் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறோம் பாருங்கள். அரிசி தீர்ந்தால் ‘நெறைஞ்சிருக்குது’ என்போம். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், கூப்பிட்டு நிறுத்தி, ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு கண்ணு’ என்பார்கள். இப்படி வளர்ந்தவன் மேலதிகாரி முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சட்டென்று சொல்லிவிடுவானா? இதை நம் குறை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எதிரே இருப்பவர் மனசு நோகக்கூடாது என்ற அக்கறை அது. ஆனால் அங்கே உள்ளவருக்கு அது அக்கறை என்று நாம் சொல்லாமல் தெரிய வழியில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவன்மலை முருகன் படம் மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டி, இன்றைக்கு ஞாயிறு என்றார். ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-இல் ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பிலேயே எழுதி, 1949-இல் வந்த இப்போதைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்திலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கடைகள்கூடப் பெரும்பாலும் திறப்பதில்லை. மன்னிப்புக் கேட்க, நம்ம வழக்கப்படி பொழுதோட, சாயங்காலமாக, ஒரு டப்பா இனிப்போடு போய் நின்றேன். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வருவதற்கு நம் ஊரில் நேரம் காலம் ஏது? அவரோ வாசலிலேயே நின்று, புதன்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்றார். மனசு கசந்துவிட்டது. புதன்கிழமை போனால் மேசைக்குப் புது விரிப்பு, அவரே சுட்ட கேக், எனக்காகவே வாங்கிவைத்த தேயிலை. வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிற நம் வீட்டுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த மேற்பார்வையாளரே, இனி என்னை ‘டூ’ என்று கூப்பிடுங்கள் என்றார். ‘ஸீ’ என்றால் நம்ம ‘நீங்க’, ‘டூ’ என்றால் ‘நீ’. அங்கே வயதில் மூத்தவர்தான் அதைக் கொடுக்கவேண்டும். பெற்ற பிள்ளையையே ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற மண்ணில் பிறந்தவனுக்கு அறுபது வயதுக்காரரை ‘நீ’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. மாட்டேன் என்றால் அவர் நீட்டிய கையைத் தட்டிவிடுகிற மாதிரி ஆகும். பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போகிற பிள்ளைகள் வந்து குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜப்பானியரின் ‘ஹாய்’ நம்ம ‘சரிங்க’வுக்கு ஒறவுதான், ஆமாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். பிறகு என்னை மேற்பார்வையாளராக நினைத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை முடியாதுங்க, திங்கக்கிழமை முடியுமுங்க, இன்னோர் ஆள் வேணும்” என்று சொல்லச் சொல்வேன். முதல் நாள் எல்லாரும் தரையைத்தான் பார்ப்பார்கள். போன வாரம் பெருந்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து முழுசாகச் சொல்லிவிட்டு, மெல்ல, “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றது.

அதையும் சேர்த்தே சொல்லுங்க அம்மிணி என்றேன்.